சோம்பேறிப் பட்டத்தை நீக்கியவர்

எனக்கு ரொம்பப் பிடித்த விஞ்ஞானி சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ். 1867-ல் அமெரிக்காவில் பிறந்தார். ஜெர்மனியில் விலங்கியல் படித்தார்.

அமெரிக்கத் தென்மாநில ஏழைகளைச் சோம்பேறிகள்னு பலர் கேலி பண்ணாங்க. அவர் ஒத்துக்கலை. வெறுங்கால் வழியே நுழைந்த கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுவதுதான் காரணம் என்றார். 1902-ல் அது புது இனம் என்று காட்டினார். பழைய இனத்துக்கு வாயில் பற்கள்; இதற்கு வெட்டும் தகடுகள். பெயர் நெகேட்டர் அமெரிக்கானஸ். பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஆனால் 1909-ல் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். ஊர் ஊரா மருந்து போச்சு. ஸ்டைல்ஸ் 1941-ல் மறைந்தார்.

இரண்டு இனத்தின் முட்டைகளும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். இன்று டி.என்.ஏ.வை வைத்துப் பிரிக்கிறாங்க.

யாராவது சோர்ந்து உட்கார்ந்திருந்தா, சோம்பேறின்னு சொல்லும் முன் யோசிப்போம். செருப்புப் போட மறக்காதீங்க!