கால்டுவெல் ஐயர்

இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் பல தலைமுறைகளாகத் தமிழரோடு கலந்து வாழ்கின்றனர். தமிழர் ‘ஊருக்கு’ என்பதைத் தெலுங்கர் ‘ஊரிகி’ என்பர். இரண்டின் இறுதியிலும் நிற்பது நான்காம் வேற்றுமை உருபே. இவ்வூரும் அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரும் 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அந்நெல்லைச் சீமையில் வாழ்ந்து, இவ்வுருபுகளின் உறவை உலகுக்கு விளக்கிய பெரியார் கால்டுவெல் ஐயர் ஆவார்.

இவர் 1814ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டிலே பிறந்தார். கிளாசுகோ பல்கலைக்கழகத்திற் பயின்றார். சமயத் தொண்டு புரியும் வேட்கையால் 1838இல் சென்னை வந்து சேர்ந்தார். பின்பு நெடுவழியைக் கால்நடையாகவே கடந்து, 1841இல் இடையன்குடியை அடைந்தார். மணல் சூழ்ந்த அச்சிற்றூரே அவருக்குத் தாயகமாயிற்று.

வடமொழியினின்றே தென்மொழிகள் தோன்றின என்று அந்நாளிற் பலர் எண்ணினர். அவை தனிக் குடும்பத்தன என்று எல்லிசு துரை 1816இலேயே எழுதியிருந்தார். அதனை விரிந்த சான்றுகளால் நிலைநாட்டியது ஐயர் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். வடமொழியில் ‘வனாய’ என்னும் ஒருமை, பன்மையில் ‘வனேப்யஃ’ என உருபு மாறும். தமிழிலோ ‘ஊருக்கு’, ‘ஊர்களுக்கு’ என ஒருமைக்கும் பன்மைக்கும் உருபு ஒன்றே.

துருக்கி மொழியும் இவ்வியல்பினதே. அதில் ‘எவ்’ என்பது வீடு, ‘எவ்தே’ வீட்டில், ‘எவ்லெர்தே’ வீடுகளில். ஆயினும் வேறுபாடும் உண்டு. ‘என் வீடு’ எனத் தமிழ் உடைமையை முன்னே வைக்கும். துருக்கி மொழி ‘எவிம்’ எனப் பெயரின் பின்னே ஒட்டும். ‘என் வீட்டில்’ என்பது ‘எவிம்தே’ ஆகும். துருக்கி முதலியவற்றைச் சித்திய மொழிகள் என வகுத்த ஐயர், அவற்றோடு திராவிட மொழிகளுக்கு உறவுண்டு எனக் கருதினார். இக்கருத்தைப் பிற்கால அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அமைப்பின் ஒப்புமை மட்டுமே குடிப்பிறப்பைக் காட்டாது. சொல்லும் ஒலியும் முறைப்படி ஒத்துவரல் வேண்டும். அச்சோதனையில் தமிழும் தெலுங்கும் உடன்பிறப்புகளாக நின்றன, துருக்கி நிற்கவில்லை.

ஐயர் தம் நூலைத் திருத்திப் பெருக்கி 1875இல் மீண்டும் வெளியிட்டார், 1877இல் அத்தியட்சரானார், 1881இல் திருநெல்வேலி வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவர் உடல், இடையன்குடியில் அவர் எழுப்பிய கோயிலிலேயே அடக்கம் பெற்றது.

ஒரு முடிவு பிழைத்ததனால் அவர் பெருமை குன்றவில்லை. எதனையும் ஒப்பிட்டு ஆராய்ந்தே துணிதல் வேண்டும் என்னும் நெறியை அவர் வகுத்தார். அவர் பிழையைப் பின்வந்தோர் கண்டதும் அந்நெறியினாலேயே ஆகும்.