பனிக்கண்டத்துக்கு வழி திறந்தவர்

எங்க கோவளம் கரையில நின்னு தெற்கே பார்த்தா, இலங்கைக்கும் அப்பால் கடல் முடியுற இடம் அண்டார்டிகா. அங்கே பனி கரைஞ்சா எங்க குப்பத்துக்குள்ள தண்ணி வரும்.

அந்தப் பனியை ஆராய நம்மவர்களை அனுப்பியவர் இந்திரா காந்தி. 1917-இல் அலகாபாத்தில் பிறந்து, 1966-இல் பிரதமரானவர். 1981-இல் கடல் வளர்ச்சித் துறையை உருவாக்கித் தம் நேர்ப்பொறுப்பில் வைத்தார். நிலவியல், வானிலை, கடலியல், கடற்படை என்று பிரிந்திருந்தவர்களில் 21 பேரை ஒரே கப்பலில் அனுப்பினார். டாக்டர் காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9-இல் பனியில் இறங்கினார்கள். 1983-இல் அண்டார்டிக் ஒப்பந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்கு ஓட்டுரிமை! ஆளுக்கொரு பக்கம் போயிருந்தா கிடைச்சிருக்குமா?

1984-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆராய்ச்சி நிற்கவில்லை. மைத்ரி நிலையத்துக்கு ஜெனரேட்டர் மெக்கானிக்கும் வேணும். நம்ம டிப்ளமோவுக்கும் அங்கே வேலையுண்டு!