வடக்கெல்லைப் போராட்டமும் ம.பொ.சிவஞானமும்
1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது வடஆர்க்காட்டின் வடபகுதி வட்டங்கள் சில அதனுடன் சேர்க்கப்பட்டன; திமிரி வடஆர்க்காட்டிலேயே நின்றது. நிர்வாகத்திற்கென வகுத்த அக்கோடே 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மொழியெல்லையாக ஏற்கப்பட்டது. திருத்தணி ஆந்திரத்திற்குச் சென்றது.

இதனை எதிர்த்து நின்ற ம.பொ.சிவஞானம் (1906-1995) சென்னையில் வறிய கிராமணிக் குடும்பத்தில் பிறந்தவர். தொடக்கக் கல்வி முற்றுப்பெறாமலே அச்சுக்கோக்கும் தொழிலுக்கு வந்தார். புலமை மரபோ செல்வப் பின்புலமோ இல்லாத ஒருவர் எல்லை இயக்கத்தின் தலைமைக்கு வந்ததைத் தனிமனித ஆற்றலாக மட்டும் காண்பது போதாது. விடுதலைப் போராட்டம் அடித்தட்டு மக்களுக்குத் திறந்துவிட்ட அரசியல் வெளியும் அதில் உண்டு. 1942 போராட்டத்தையொட்டிய சிறைவாசம் அவரது சிலப்பதிகாரப் பயிற்சியை ஆழமாக்கிற்று. சேர, சோழ, பாண்டிய நாடுகளை ஒரே கதையில் பிணைத்த அக்காப்பியத்தை ஒருங்கிணைந்த தமிழகத்திற்குச் சான்றாகக் கொண்டார்.

காங்கிரசில் இருந்துகொண்டே 1946இல் தமிழரசுக் கழகத்தை நிறுவினார். திராவிட நாட்டுக் கோரிக்கையினின்று விலகி, இந்திய ஒன்றியத்திற்குள் மொழிவழி மாநிலம் என்பதே அதன் நிலைப்பாடு. சென்னை நகர் மீதான ஆந்திரத் தலைவர்களின் உரிமைக்கோரல் அக்கழகத்திற்கு நகர மக்களின் ஆதரவைத் திரட்டித் தந்தது. வடக்கெல்லை ஊர்களிலோ நிலைமை வேறு. அங்கு மங்கலங்கிழார் தமிழ்க் கல்வியின் வழியே முன்னரே பண்படுத்திய களத்தில்தான் ம.பொ.சி.யின் அரசியல் வேரூன்றியது, ம.பொ.சி. பற்றிய வரலாறுகள் இதற்குத் தரும் இடம் குறைவு.

படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன.