பொய் ஈ கட்டிய வழக்கறிஞர்

இந்த ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் கேட்டார். அவர் எதிர்பார்த்தது ஒரு புலவரையோ விடுதலை வீரரையோ என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் தரப்போவதோ, ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரே ஆற்றில் மீன் பிடித்த ஓர் ஆங்கிலேயரின் கதை. தூண்டிற்காரர் உலகில் அவர் பெயரை அறியாதார் இல்லை. நம் விடுதியில் அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவர் பெயர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ்.

நான் உதகைப் பக்கத்தவன். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் உண்டு. அது நம் நாட்டு மீன் அன்று. வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்துப் பெருக்கிய மீன். என் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நூலும் இறகும் சுற்றிய சிறு தூண்டில் முட்கள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. சிறுவனாக இருந்தபோது அவற்றைச் செத்த பூச்சிகள் என்று எண்ணிக் கொட்டப் போனேன். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். மனிதன் ஏமாந்தால் மீனும் ஏமாறும் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பொய் ஈ எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால்தான் ஸ்கியூஸின் வழக்கு விளங்கும். முள்ளை ஒரு சிறு பிடியில் இறுக்கிக்கொண்டு அதன்மேல் மெல்லிய பட்டு நூலைச் சுற்றுவார்கள். அந்த நூலில் முயற்காது மயிரையோ அகழெலி மயிரையோ முறுக்கிச் சேர்த்தால் பூச்சியின் உடல் வரும். மயிலிறகின் ஓர் இழையை உரித்துச் சுற்றினால் உடலில் வரிகள் வரும். சேவலின் கழுத்திறகை முள்ளைச் சுற்றி நிறுத்தினால் அவை கால்கள். சிறு பறவையின் சிறகுத் துண்டு, இறக்கை. இத்தனையும் சேர்ந்து ஒரு நெல்மணி அளவுகூட இராது. எடையே இல்லாத பொருளை எறிவது எப்படி? கயிற்றைக் கனமாக வைத்துக் கயிற்றையே எறிவார்கள். ஈ அதன் பின்னால் போகும்.

சாமன் மீனுக்குக் கட்டுவது வேறு வகை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு வரும் சாமன் இரை தின்பதில்லை. ஆகவே எந்தப் பூச்சியையும் போலச் செய்ய வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கும் நிறங்களை அள்ளிக் கட்டினார்கள். அந்த ஆடம்பரத்துக்கு நம் காடுகளும் வரி செலுத்தியிருக்கின்றன. தென்னாட்டுக் காட்டுச் சேவலின் கழுத்தில் மெழுகுத்துளி போல மின்னும் புள்ளியிறகுகள் இங்கிலாந்துக்குக் கட்டுக்கட்டாகப் போயின. இன்று அப்பறவை சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. டிரவுட்டுக்கும் அதன் உறவான கிரேலிங்குக்கும் ஆடம்பரம் எடுபடாது. அவை தின்கிற பூச்சியைத்தான் கேட்கும்.

ஸ்கியூஸ் 1858இல் நியூபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரில் பிறந்தார். தந்தை படை மருத்துவர். இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரின் பழைய பள்ளியில் படித்தார். அந்த ஊரின் ஓரமாக இட்சன் என்ற ஆறு ஓடுகிறது. சுண்ணப்பாறையிலிருந்து ஊறி வரும் நீர். பளிங்குபோல இருக்கும். கோடையிலும் வற்றாது, குளிர்ச்சி குறையாது. கரையில் நின்றால் மீனின் செதிலை எண்ணலாம் என்பார்கள். மீனும் நம்மை எண்ணும் என்பது அதற்குள் அடக்கம்.

படிப்பு முடிந்து இலண்டனில் சொலிசிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தார். பின்னர் அதிலேயே பங்குதாரரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுதும் பத்திரங்களும் சாட்சியங்களும், ஓய்வு கிடைத்தால் இரயிலேறி ஆறு. 1883இல் அலுவலகக் கட்சிக்காரர் ஒருவர் வின்செஸ்டருக்கு அருகே ஆபட்ஸ் பார்ட்டன் என்னும் இடத்தில் மீன்பிடிக்க அழைத்தார். அன்று தொடங்கியது அந்த உறவு.

அப்போது அந்த ஆறுகளில் ஒரே சட்டம். அதை இயற்றியவர் பிரெடரிக் ஹால்ஃபோர்ட். வாணிகத்தில் செல்வம் சேர்த்து, நடுவயதிலேயே அதை விட்டு ஆற்றங்கரைக்கு வந்தவர். மாரியட் என்ற நண்பரின் துணையோடு ஆராய்ந்து 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அருமையான நூல்தான், குறை சொல்ல மாட்டேன். நீர்மேல் வந்து இரை கவ்வும் மீனைக் கண்ணால் கண்ட பிறகே எறிய வேண்டும். எதிர்நீரில் எறிய வேண்டும். ஈ நனையாமல் மிதக்க வேண்டும். இதுவே முறை. அவர் அளவில் நின்றிருந்தால் தொல்லையில்லை. சீடர்கள் வந்தார்கள். முறை ஒழுக்கமாயிற்று. மிதக்காத ஈயை எறிந்தவன் கண்ணியமற்றவன் ஆனான்.

ஸ்கியூஸும் முதலில் அந்த நூலை மதித்துப் படித்தவரே. 1892ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள், அவர் கட்டியிருந்த ஈயின் இறகு சரியில்லை. மிதக்காமல் முழுகிவிட்டது. முழுகியதை ஒரு மீன் கவ்வியது. தற்செயல் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. வழக்கறிஞர் அல்லவா, சாட்சியைத் தேடினார்.

சாட்சி மீனின் வயிற்றில் இருந்தது. பிடித்த மீனின் தொண்டை வழியே, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தோண்டும் ஒடுங்கிய கரண்டியை விட்டு உள்ளே இருப்பதை எடுப்பார். குழந்தைகள் சாப்பிடும் வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி அதைக் கலக்குவார். ஒவ்வொரு பூச்சியாகப் பிரிந்து மிதக்கும். பெரும்பாலானவற்றுக்கு இறக்கையே இல்லை! என்ன செய்தி என்றால், மேஃப்ளை என்னும் அந்தப் பூச்சி பல மாதங்கள் நீருக்கடியில் நிம்ப் என்ற இளம்பூச்சியாக வாழ்கிறது. மேலே வந்து தோலுரித்து இறக்கை பெற்ற பிறகு உண்பதுமில்லை, ஓரிரு நாளுக்கு மேல் இருப்பதுமில்லை. நம் ஊர் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். இனம் வேறு, விதி அதே. மேலேறி வரும் அந்த இளம்பூச்சிகளைத்தான் டிரவுட் நீருக்கடியிலேயே வாரித் தின்கிறது. நீர்மேல் தெரியும் சலனம் பலவேளை மேலே தின்றதன் அடையாளமே அன்று.

இங்கே என் கதையை ஒரு நிமிடம் கேளுங்கள். முதலாண்டு விலங்கியல் செய்முறை வகுப்பில் கரப்பானின் வாயுறுப்புகளைப் பிரித்து வரையச் சொன்னார்கள். என் கை நடுங்கி ஓர் உறுப்பு கிழிந்து போயிற்று. கண்ணாடித் தகட்டில் அது இல்லை. ஆனால் தாளில் வரைந்தேன், பாடநூலில் இருந்தபடியே. மதிப்பெண் நிறையக் கிடைத்தது. ஸ்கியூஸின் வெள்ளைத் தட்டைப் பற்றி நூலகத்தில் படித்த அன்று அந்தப் படம் நினைவுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

அவர் பொய் இளம்பூச்சிகளைக் கட்டத் தொடங்கினார். உடல் ஒல்லி, மார்புப் பகுதியில் மட்டும் சிறிது மயிர்ப் பருமன், இறக்கை இல்லை, கால்களுக்கு மென்மையான குட்டை இறகு ஒன்றிரண்டு சுற்றே. தட்டிலிருந்த பூச்சியின் நிறத்துக்கு நூலின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். 1910இல் ‘மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்’ என்னும் சிறு நூல் வந்தது. தலைப்பிலேயே எவ்வளவு அடக்கம் பாருங்கள்: சில சிறு உபாயங்கள், அவ்வளவே. ஹால்ஃபோர்டின் முறையைத் தள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மீன் மேலே தின்னும்போது மிதக்கும் ஈ, கீழே தின்னும்போது முழுகும் ஈ என்றார். இலண்டன் தூண்டிற்காரர் மன்றத்தில் ஹால்ஃபோர்டு அவரைச் சந்தித்து, இட்சனில் அப்படி மீன் பிடிக்கவே முடியாது என்று எடுத்துரைத்தாராம். பிடித்திருக்கிறேனே என்று மட்டும் ஸ்கியூஸ் பதில் சொன்னாராம்.

1914இல் ஹால்ஃபோர்டு மறைந்தார். சட்டம் மறையவில்லை. 1921இல் ஸ்கியூஸின் பெரிய நூல் வெளிவந்தது. அதில் மீனின் கண் எப்படிப் பார்க்கிறது என்றெல்லாம் ஆராய்கிறார். நீருக்குள்ளிருந்து மேலே நோக்கினால் வெளியுலகம் ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரியும், அதற்கு வெளியே ஆற்றின் அடித்தரையின் பிம்பமே தெரியும். நம் இயற்பியல் மாணவர்கள் இதை ஒளிவிலகல் பாடத்தில் படித்திருப்பார்கள்.

1938 பிப்ரவரியில் அதே மன்றத்தில் வழக்கு விசாரணை போலவே ஒரு விவாதம் நடந்தது. சுண்ணநீர் ஆறுகளில் இளம்பூச்சியைப் போட்டு மீன் பிடிப்பது தகுமா? ஸ்கியூஸுக்கு எண்பது வயது நெருங்கிவிட்டது. காற்று அவர் பக்கம் வீசவில்லை. ஆபட்ஸ் பார்ட்டனில் உடன் மீன்பிடித்தவர்களிலேயே சிலருக்கு அவர் முறை பிடிக்காமல் உரசல் இருந்தது. அந்த ஆண்டோடு அவர் அந்த ஆற்றை விட்டார். வில்ட்ஷயரில் நாடர் என்ற வேறோர் ஆற்றுக்குப் போனார். அந்த வயதில் புதிய ஆற்றின் வளைவுகளைக் கற்பது எளிதா? மறு ஆண்டே, 1939இல், இளம்பூச்சி முறையைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். கசப்பு இருந்ததோ என்னவோ, கை சோரவில்லை.

என் அறைத்தோழர் திருநெல்வேலிக்காரர், சுத்த சைவம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்த ஈயானால் என்ன, சாவது மீன்தானே என்றார். எனக்குப் பதில் அகப்படவில்லை. ஒன்று மட்டும் உண்மை: கண்ணியம் எது என்று வாதிட்ட அந்த மன்றத்தில் மீனின் தரப்பைப் பேச யாரும் இல்லை.

1949 ஆகஸ்டில், தொண்ணூற்றொன்று நிறைய சில நாள் இருக்கையில், ஸ்கியூஸ் காலமானார். ஈ கட்டும் கலையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1950இல் நூலாக வந்தன. அவர் ஊக்கம் தந்த பிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர், நூலே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியால் பெசன்ட் பறவையின் வாலிறகைச் சுற்றி ஓர் இளம்பூச்சியைக் கட்டினார். அது இன்று டிரவுட் உள்ள நாடுகளிலெல்லாம் நீரில் விழுகிறது. ஆபட்ஸ் பார்ட்டனில் கரையோரம் ஸ்கியூஸின் நினைவாக ஓர் இருக்கை வைத்திருக்கிறார்கள். அதில் பொறித்த ஆண்டுகள் 1883, 1938. அவர் அந்த ஆற்றுக்கு வந்த ஆண்டும் அதை விட்ட ஆண்டும்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது தாத்தாவின் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். சமையற்காரரிடம் சேவல் இறகு இரண்டு பெற்று, தையல் நூலால் நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். முள் இருமுறை விரலில் ஏறியது. முடிந்ததைப் பார்த்த அறைத்தோழர், துடைப்பத்திலிருந்து உதிர்ந்ததா என்று கேட்டார். மேசைமேல் வைத்திருக்கிறேன். விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.