செருப்புத் தைத்த கைகள்

வில்லியம் கேரி என்றதும் வங்காள உரைநடையை வளர்த்தவர், விவிலியத்தைப் பல இந்திய மொழிகளில் அச்சேற்றியவர் என்று பெரும் பட்டியலொன்று நம் நினைவுக்கு வருகிறது. பட்டியலைப் பார்த்து மலைத்து, இவர் பிறவி மேதை, நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று ஒதுங்கிவிடுகிறோம். கேரியோ தம்மை மேதையாக ஒருநாளும் எண்ணியவரல்லர். எடுத்த வேலையைக் கைவிடாமல் நடத்திச் செல்வது ஒன்றே தமக்குத் தெரிந்த வித்தை என்று நம்பியவர்.

1761இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஓர் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தார். செருப்புத் தைக்கப் பழகினார். தோலும் ஊசியும் கையிலிருக்க, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து லத்தீனும் கிரேக்கமும் கற்றார். 1793இல் வங்காளம் வந்தார். மதனாபதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையை மேற்பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். முதல் வங்காளி ஞானஸ்நானம் பெற ஏழாண்டுகள் சென்றன. சிறியதில் உண்மையாயிருந்த ஊழியனை எசமான் மெச்சிய உவமையை நாம் அறிவோம். கேரியை மெச்சுவதற்கு அந்த ஏழாண்டுகளில் எவரும் இல்லை.

இதற்கு வீடு கொடுத்த விலையையும் மறைப்பதற்கில்லை. மனைவி டாரதி இந்நாட்டுக்கு விரும்பி வந்தவரல்லர். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் அவருடைய மனம் பேதலித்தது. 1807இல் அவர் இறக்கும்வரை கேரி அவரைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தார். பக்கத்து அறையில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. இதைப் பொறுமை என்பதா, கடமையின் பெயரால் நேர்ந்த கொடுமை என்பதா? எனக்கு விளங்கவில்லை. இரண்டும் அதில் இருந்தன என்றே தோன்றுகிறது.

1800இல் சீராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். நம் தரங்கம்பாடியைப்போல் அதுவும் அன்று டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி இடங்கொடாத பாதிரிமார்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மார்ஷ்மன், வார்டு என்ற இரு தோழர்களுடன் ஒரே பந்தியில் உண்டு, ஒரே பொதுநிதியில் வாழ்ந்தார். கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளமும் வடமொழியும் கற்பித்தார். வாரந்தோறும் ஹூக்ளி ஆற்றில் படகேறிப் போய்வருவார். பிற்காலத்தில் மாதம் 1000 ரூபாய் வரை உயர்ந்த சம்பளத்தில் மிகச் சிறு பகுதி போக மற்றதெல்லாம் பொதுநிதிக்கே சென்றது. அவருடைய நூல்களுக்குப் பின்னால் பண்டிதர்களின் உழைப்பும், பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர் வெட்டிய எழுத்துகளும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

1812 மார்ச் 11ஆம் நாள் மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. கேரி கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் நேரில் சென்று செய்தி சொன்னார். காகிதமும் எழுத்துகளும் போயின. அவற்றை விலைகொடுத்து வாங்கலாம். பல மொழிச் சொற்களை ஒருங்கே தொகுத்த பேரகராதியின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாகிவிட்டது. அதை எந்தக் கடையில் வாங்குவது? தேர்வுக் குறிப்பேடு ஒன்று தொலைந்தாலே நாம் இரண்டு நாள் உண்ணாமல் கிடக்கிறோம். கேரி கண்கலங்கினார். பிறகு உட்கார்ந்து, எரிந்தவற்றில் முடிந்தவற்றை மறுபடியும் எழுதத் தொடங்கினார். எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகளும் அச்சுப்பொறிகளும் தப்பியிருந்தமையால் சில வாரங்களில் அச்சுவேலை மீண்டும் நடந்தது. பேரகராதி மட்டும் திரும்பவில்லை. வங்காளி அகராதி 1825இல் முழுமை பெற்றது.

அவருடைய மொழிபெயர்ப்புகளில் பல கரடுமுரடானவை. பின்வந்தோர் அவற்றைத் திருத்தியும் ஒதுக்கியும் விட்டனர். அதைக் கேரி எதிர்பார்த்தே இருந்திருப்பார். தம் நூல்களைத் தாமே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தவர் அவர்.

1829 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடன்கட்டையைத் தடைசெய்யும் சட்டம் வங்காளத்தில் பெயர்க்கப்படுவதற்காக அவரிடம் வந்தது. அன்று அவர் ஆலயத்தில் பிரசங்கிக்க வேண்டிய நாள். வேறொருவரைப் பிரசங்கத்துக்கு அனுப்பினார். தாமதித்தால் இடையில் எத்தனை பெண்கள் சிதையேறுவார்களோ என்ற எண்ணம். 68 வயதுக் கிழவர் பண்டிதரை அருகில் அமர்த்திக்கொண்டு எழுதத் தொடங்கினார். பொழுது சாயுமுன் வேலை முடிந்தது.