ஐடா ஸ்கடர் அம்மையார்

நம்முள் பலர் கல்லூரியை விட்டபின் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோம். கண்ணோ செவியோ குறைவுற்றதென நாம் ஐயுறும் மாணவன் ஒருவன் நம் வகுப்பிலிருப்பின் யாது செய்வோம்? இவ்வினாவிற்கு விடை காண, திண்டிவனத்தில் 1890ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றை நினைவு கூர்வோம்.

ஐடா அம்மையார் 1870 டிசம்பர் 9இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மருத்துவ ஊழியர்கள். அம்மையாரோ அவ்வழியை விரும்பினாரல்லர். தாயார் நோயுற்றமையாலேயே திண்டிவனம் வந்தார். அங்கு ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத் துன்பத்தில் வருந்தும் தத்தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். மருத்துவம் கல்லாத அவர், மருத்துவரான தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆடவர் பேறு பார்த்தலை வழக்கம் தடுத்தமையின் மூவரும் மறுத்தேகினர். காலையில் மூன்று பெண்களும் இறந்தனரென்னும் செய்தி வந்தது.

இரக்கம் அவர்பால் இருந்தது, பயிற்சி இல்லை. இதனை உணர்ந்த அவர் அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். வேலூரில் 1902இல் மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. தாம் ஒருவர் கற்றது போதாது, பலர் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. வேலூரில் மருத்துவரான மேரி வர்கீஸ் அம்மையார், 1954இல் விபத்தினாற் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் புரிந்தார். உடற்குறையுற்றோர் மறுவாழ்வுப் பணிக்கும் அங்கு வழிகாட்டினார். ஐடா அம்மையார் 1960 மே 24இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆசிரியராகும் நாம் கற்பது யாது? கரும்பலகையைக் காணாது விழிப்பவனையும், எழுத்தை மாற்றி எழுதுபவனையும் மந்தனெனக் கடிதல் தவறு. நாமே நோய்க்குப் பெயரிடுதலும் தவறு. கண்டதை நாளிட்டுக் குறித்துக்கொள்வோம். பெற்றோரிடம் கனிவுடன் உரைப்போம். தலைமையாசிரியர் வாயிலாக வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை நாடுவோம். மருத்துவ ஆய்வு வேண்டின், இம்மாவட்டத்தார்க்கு முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது.

அன்று திண்டிவனத்தில் அழைத்தவர்க்கு உதவப் பயின்ற பெண் ஒருவரும் இலர். இன்று பயின்றோர் உளர். நம் மாணவனை அவர்பால் காலத்தே சேர்ப்பித்தலே நம் கடன்.