தம்மைக் கண்ட பண்டிதர்: அருணந்தி சிவாசாரியார் வரலாறு

சிவமயம்

உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும் என்பது சைவ சித்தாந்தம் வற்புறுத்தும் உண்மை. படிகம் தன்னருகே வைத்த மலரின் நிறத்தைக் காட்டும். கண் இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்கும். உயிரும் அத்தகையதே. ஆதலின், ஒருவர் தம்மை இன்னார் என்று கொண்ட எண்ணம் அவர்தம் வளர்ச்சிக்கு ஏணியாதலும் உண்டு, விலங்காதலும் உண்டு. இவ்விரண்டினையும் ஒருவர் வாழ்விலேயே காண விரும்புவோர், சந்தான குரவர் நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியார் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மாரண்டஹள்ளித் திருக்கோயிலின் திருக்குடமுழுக்கினைக் கண்டு மகிழும் அன்பர்கட்கு அவ்வரலாறு உற்ற துணையாம்.

கி.பி. 13ஆம் நூற்றாண்டில், நடுநாட்டுத் திருத்துறையூரில், ஆதிசைவ மரபில் அவர் தோன்றினார். சிவாகமங்கள் அனைத்தையும் ஐயந்திரிபறக் கற்றமையால் உலகோர் அவரைச் சகலாகம பண்டிதர் என்றே வழங்கினர். மாணாக்கர் பலர் சூழ்ந்திருந்து பாடங் கேட்டனர். செல்வர் பலர் அவரைக் குலகுருவாகக் கொண்டு போற்றினர்.

அவருள் ஒருவர் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர். மகப்பேறின்றி வருந்திய அவர் குருவை அடைந்து தம் குறையை விண்ணப்பித்தார். பண்டிதர் திருமுறைச் சுவடியைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தனர். திருஞானசம்பந்தர் திருவெண்காட்டில் அருளிய திருப்பதிகம் வந்தது. அத்தலத்து முக்குள நீராடி வழிபடுவார் பெறும் பேறுகளுள் மகப்பேறும் ஒன்றென அது கூறுதலின், களப்பாளர் மனைவியாருடன் திருவெண்காடு சென்று நோன்பிருந்தார். இப்பிறவியில் மகப்பேறு அவர்க்கு அமையவில்லை எனக் கனவில் இறைவன் உணர்த்தியும் களப்பாளர் தளர்ந்திலர். பிள்ளையாரின் திருவாக்கை நம்பி வந்தேம். இப்பிறவியில் இல்லையேல் வரும் பிறவியிலேனும் அது பலிக்கும் எனத் துணிந்திருந்தார். அத்துணிவிற்கு இரங்கிய இறைவன் திருவருளால் ஆண்மகவு பிறந்தது என்பது மரபு. சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டனர்.

அம்மகவு திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தது. நம் தருமபுரி மாவட்டத்தின் வழியாகவும் ஓடிக் கீழ்த்திசை செல்லும் தென்பெண்ணையாற்றின் தென்பால் அமைந்தது அவ்வூர். பரஞ்சோதி முனிவர் அக்குழந்தையின் பக்குவத்தைக் கண்டு, மெய்ப்பொருளை உபதேசித்து, மெய்கண்டார் என்னும் திருப்பெயரையும் நல்கினர். இளம்பருவத்திலேயே மெய்கண்டார் தம்மை அடைந்தார்க்குச் சிவஞானத்தைப் போதிப்பாராயினர்.

செய்தி பண்டிதர் செவிக்கு எட்டியது. தாம் கயிறு சாத்திக் காட்டிய வழியிற் பிறந்த குழந்தை; தாம் குலகுருவாய் விளங்கும் குடியிற் பிறந்த குழந்தை; அக்குழந்தை தம்மிடம் வந்து வணங்காது, ஆசிரியனாய் அமர்ந்து பாடஞ் சொல்வதா? இவ்வெண்ணம் உள்ளத்தை உறுத்த, மாணாக்கருடன் திருவெண்ணெய்நல்லூர் போந்தார். அவ்வமயம் மெய்கண்டார் ஆணவ மலத்தின் இயல்பினை விளக்கிக் கொண்டிருந்தார். வந்தவரை எதிர்கொண்டு எழவும் இல்லை. பண்டிதர் வெகுண்டு, அந்த ஆணவத்தின் வடிவந்தான் யாது என வினவினர். மெய்கண்டார் மறுமொழி கூறவில்லை. வினவி நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினர், அவ்வளவே.

ஆகமங்கள் அனைத்தும் கற்றும் விளங்காத ஒன்று அந்நோக்கில் விளங்கிற்று. வடிவம் யாதெனக் கேட்டவரே அதன் வடிவாய் நின்றமையைப் பண்டிதர் கண்டார். குழந்தையின் திருவடியில் வீழ்ந்து, தம்மை ஆட்கொள்ளுமாறு வேண்டினர். மெய்கண்டார் அவரை ஏற்று, அருணந்தி என்னும் தீட்சைப் பெயர் நல்கித் தம் முதன் மாணாக்கராக்கினர்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. பண்டிதர்க்குக் கல்வி குறைவில்லை, ஒழுக்கம் குறைவில்லை, பூசை குறைவில்லை. எல்லாம் அறிந்தவன் யான் என்று அவர் தம்மைக் கொண்டமையே இடராயிற்று. நிறைகுடத்தில் நீர் புகாதவாறு போல, அவ்வெண்ணம் நிறைந்த உள்ளத்தில் மேலும் ஒன்று புகுதற்கு இடமில்லை. செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு உடன் கலந்தே இருத்தலின், அதனை உடையவர்க்கு அது தோன்றுவதில்லை. பிறர் காட்டவே தோன்றும். காட்டுபவர் வயதிற் சிறியராயினும் காண இசைந்தமையே அருணந்தியாரின் பெருமை.

வேடரிடை வளர்ந்த அரசிளங்குமரனைச் சித்தாந்த நூல்கள் உவமை காட்டும். தன்னை வேடனென்றே எண்ணியதால் அவன் வேடனாகவே வாழ்ந்தான். நீ என் மகன் என்று தந்தை உணர்த்திய அன்றே அரசனுக்குரிய நிலையை அடைந்தான். இடையில் மாறியது அவன் உடலன்று, பிறப்பன்று, தன்னைப் பற்றிய அறிவு ஒன்றே. ஐம்புல வேடரிடை வளரும் உயிர்க்குக் குருவின் உபதேசம் செய்வதும் இதுவே. அருணந்தியார்க்கு நிகழ்ந்ததும் இதுவே.

எண்ணம் மாறிய பின்னர் விளைந்த பயனைக் காண்மின். பழைய கல்வி வீணாகவில்லை, அதுவே கருவியாயிற்று. ஆணவத்தின் குணங்களை ஆராய்ந்து, குருவை முன்னிலைப்படுத்தி வினவும் இருபா இருபஃது அவர்தம் வாயினின்றும் பிறந்தது. மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தை விரித்துச் சிவஞான சித்தியாரை இயற்றினர். அந்நூலின் பரபக்கத்தில், உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாக 14 புறக்கொள்கைகளை ஆராய்கின்றார். ஒவ்வொன்றையும் முதற்கண் அக்கொள்கையினர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். பிறர் கூறுவதை முழுதும் கேட்டறியாதார்க்கு இது கைகூடுமோ? குழந்தையின் முன் அமர்ந்து பாடங் கேட்டவர்க்கே கைகூடியது. மெய்கண்ட சாத்திரங்கள் 14இல் இரண்டு அவருடையன. அவர்க்குப்பின் மறைஞானசம்பந்தரும், உமாபதி சிவாசாரியாரும் அம்மரபினைத் தழைக்கச் செய்தனர். அன்று வெகுளியோடு அவர் திரும்பியிருப்பின், சகலாகம பண்டிதர் என்னும் பட்டம் ஒன்றே அவர்க்கு எஞ்சியிருக்கும்.

அன்பர்காள்! இத்திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் நல்கியோர் பலர். கொடுத்தோர் பெயரைக் கல்லிற் பொறித்தல் நம் முன்னோர் வழக்கு. அதனைக் குறை என்னோம். ஆயின், யான் கொடுத்தேன் என்னும் எண்ணத்தை நெஞ்சிற் பொறித்துக் கொள்வோமாயின், பண்டிதரை மறித்த அதே திரை நம்மையும் மறிக்கும். கொடுத்ததும் அவன் பொருள், கொடுப்பித்ததும் அவன் அருள் எனக் கொள்வோமாயின், சிறு கொடையும் நம்மை வளர்க்கும். ஆண்டிற் பெரியோர் இளையோர் சொல்லிலும் உண்மை உண்டாயின் ஏற்பாராக. கற்றோர் கல்லாதாரிடத்தும் கேட்டறிவாராக.

கொடிமரத்தருகே பலிபீடம் உள்ளது. யான், எனது என்பனவற்றை அங்கே பலியிட்டு உட்செல்லுக என்பது அதன் குறிப்பு. இனி அதனைக் கடக்குந்தோறும், குழந்தையின் திருவடியில் வீழ்ந்த அம்முதியவரை நினைப்போமாக. கும்பநீர் விமான கலசத்தை நனைத்தது போலத் திருவருள் நம் உள்ளங்களையும் நனைப்பதாகுக.

மாரண்டஹள்ளி வாழ்க, அடியவர் வாழ்க, சைவநெறி தழைத்தோங்குக.

திருச்சிற்றம்பலம்